அம்மாவின் தோளில் நான்கு விரல்கள்

ஐயா, அம்மையீர், வணக்கம். எங்கள் தாயாரின் படம் கிள்ளானில் என் அக்காவின் வீட்டுப் பூசையறையில் இல்லாமல், வரவேற்பறையில், பட்டமளிப்பு அங்கி அணிந்த பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே, மாலையின்றிப் பொட்டின்றித் தொங்குவது ஏன் என்று வருவோர் எல்லாரும் வினவுகின்றனர். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

தாயாருக்கு இருப்பது ஒரே படம். ஸ்டூடியோவில் குடும்பத்தோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாயார் நாற்காலியில் அமர்ந்திருக்க, சிறுமியாயிருந்த அக்கா பின்னால் முக்காலியில் ஏறி நின்று அவர் தோளில் கை வைத்திருந்தாராம். நான் அப்போது பிறக்கவில்லை. எனவே அந்தப் படத்தில் எனக்குப் பங்கு கேட்க வழியில்லை. பிற்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்தெடுத்ததில் தாயார் மட்டும் தப்பினார். அவர் தோள்மீது நான்கு விரல்கள் மட்டும் எஞ்சின. விரல்களுக்கு உரிய சிறுமி கண்ணாடியோடு போய்விட்டாள்.

இவ்வாண்டு தாயாரின் திதிக்குள் படத்தைப் புதுப்பித்து மாட்டிவிட வேண்டும் என்று அக்கா விரும்பினார். நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பதால் அப்பணி என்னிடம் வந்தது. எங்கள் தெருமுனையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை ஒன்றுண்டு. அதை நடத்தும் பெண்மணி கணினியில் பழைய படங்களையும் சீர்செய்வார். அவரிடம் படத்தைக் கொடுத்து, விரல்களைச் சுட்டி, "இது எங்க அக்கா கை. அக்கா கிள்ளான்ல இருக்காங்க. திதிக்கு மாலை போடணும், சீக்கிரம் வேணும்" என்று சொன்னேன். தேவையான விவரம் அனைத்தையும் தந்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன். அந்த விவரமே வினையாயிற்று என்பதைப் பின்னர் அறிந்தேன்.

சில நாள் கழித்துக் கடைக்குப் போனபோது, திரையில் தாயார் நடிகையைப் போல் வெளுத்திருந்தார்.

"கொஞ்சம் கறுப்பாக்கும்மா. எங்கம்மா என் கலரு."

"எல்லாரும் வெள்ளையாக்குங்கன்னுதான் கேப்பாங்க அங்கிள். கறுப்பாக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான் லா!"

சேலையின் நிறம் எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தொலைபேசினேன். மறுமுனையில் சிறிதும் தயங்காமல், "மாம்பழ மஞ்சள்டா. அரக்குக் கரை" என்று பதில் வந்தது. கடைக்காரர் நிறத்தை ஏற்ற ஏற்ற, நான் தாயாரின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர் மறைந்தபோது நான் கைக்குழந்தை; எனக்கு நினைவு தெரிந்து அம்முகத்தை நிறத்தோடு காண்பது அதுவே முதல் முறை. ஆகவே தோளைப் பார்க்கும் எண்ணமே எழவில்லை.

திதியன்று சட்டமிட்ட படத்தையும், பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய சாமந்தி மாலையையும் எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளான் சென்றேன். அக்கா மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்து அணிந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. பிறகு விரலால் தாயாரின் தோளைத் தடவினார்.

"தம்பி, என் கை எங்கடா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தோளில் மாம்பழ மஞ்சள் மட்டுமே இருந்தது.

உடனே கடைக்காரரை அழைத்து, எல்லாரும் கேட்கும்படி தொலைபேசியை மேசைமீது வைத்தேன்.

"அங்கிள், அக்கா உயிரோட இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மாலை போடற படத்துல உசுரோட இருக்கறவங்க கை இருக்கலாமா? ஆகாது லா. அதான் எடுத்துட்டேன். அதுக்குக் காசுகூட வாங்கல."

அக்காவின் மருமகளும் சமையற்கட்டிலிருந்து, "அவங்க சொல்றது சரிதான் அத்தை. எங்க வீட்டுலயும் வைக்க மாட்டாங்க" என்றாள்.

"அப்ப நான் செத்தாத்தான் எங்கம்மாவத் தொடலாமா?" என்றார் அக்கா. "இரு, சாப்பிட்டுட்டுச் சாகறேன். வடை ஆறிடும்."

மருமகள் சிரித்துவிட்டாள். தொலைபேசியிலும் சிரிப்பு கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. படத்தைக் கவிழ்த்து மடியிலேயே வைத்திருந்தார். தாயாரை அவர் தொட்டதற்கு அந்த நான்கு விரல்களைத் தவிர வேறு சாட்சி இவ்வுலகில் இல்லை. அன்று படம் மாட்டப்படவில்லை. நான் வாங்கிச் சென்ற மாலையைப் பூசையறைப் பிள்ளையாருக்குச் சாத்தினோம். ஏற்கெனவே ஒன்று அணிந்திருந்த அவர் அன்று இரட்டை மாலையோடு சற்றுத் திணறியே காணப்பட்டார்.

நல்லவேளையாக, பழைய படம் கடையில் பத்திரமாக இருந்தது. ஆனால் மங்கிய விரல்களைச் சீர்செய்யும் வேலையைக் கணினியிடமே விட்டபோது, அது மொழுமொழுவென்று ஆறு விரல்களைப் போட்டுக்கொடுத்தது. அதைக் கைப்பேசியில் கண்ட அக்கா, "எனக்கு எதுக்குடா ஆறு? இருந்தது இருந்தபடி வைக்கச் சொல்லு, அழுக்கா இருந்தாலும் பரவால்ல" என்றார். கடைக்காரர் அவ்வாறே செய்தார். எனவே இப்போது தாயார் வண்ணத்தில் பளிச்சென்று இருக்கிறார். அவர் தோளில் நான்கு விரல்கள் மட்டும் பழைய சாம்பல் நிறத்தில், ஓரம் அரித்து, மங்கியிருக்கின்றன.

மாலைப் பிரச்சினையை அக்காவே தீர்த்தார். "மாலை போட்டாத்தானே ஆகாது? போடாதீங்க. பூவத் தட்டுல வச்சுக் கும்பிட்டுக்கறேன். அம்மாவ ஹால்ல மாட்டு, உசுரோட இருக்கறவங்க பக்கத்துல." நான் ஆணியடித்தேன். கீழே நின்று, "கொஞ்சம் இடது பக்கம்டா" என்று ஏவிக்கொண்டிருந்த அக்கா, மருமகளிடம் திரும்பி, "நான் போனப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மாலையாப் போடுங்க. உனக்கும் செலவு மிச்சம்" என்றார்.

எங்கள் காலத்துக்குப் பின் இப்படத்தை யாரேனும் மீண்டும் புதுப்பிக்கக்கூடும். தோளில் இருப்பது கறையன்று, அக்காவின் கை. அருள்கூர்ந்து அதைத் துடைத்துவிட வேண்டாம். இந்த எழுத்தை மடித்துச் சட்டத்தின் பின்புறம் செருகியுள்ளேன். படம் எங்குச் சென்றாலும் இதையும் உடன் வைத்துப் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.