தற்செயலாகச் சந்திக்க வைத்த இடங்கள்

தற்செயலாகச் சந்திக்க வைப்பது என் தொழில். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. பதுளையில் மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவையே பெண் வீட்டுப் படி ஏறுவதில்லை. ஏறிவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணின் பெயர் கெடும். ஆகவே சாப்பிடும் இடத்திலோ சுற்றிப் பார்க்கும் இடத்திலோ எதிர்பாராமல் கண்டுகொண்டது போல நடிக்க வேண்டும். இந்த வேலை எந்த ஊரிலும் 'வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்' என்று பெயர் எடுத்தவள் தலையில்தான் விழும். உங்களுக்கும் விழுந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வாய்த்தவள் ரோஸ்லின். என்னோடு கொன்வென்டில் படித்தவளின் தங்கை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் வேண்டும் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றப் பெண்களுக்காகத் தாய்மார்தான் சொல்வார்கள்.

பஸ் நிலையத்துப் பேக்கரி

பண்டாரவளை மாப்பிள்ளை தாயோடு பத்து மணிக்கு வந்துவிட்டார். ரோஸ்லினின் பஸ் பன்னிரண்டுக்கு வந்தது. மழையில் மண் சரிந்து பாதையில் நின்றுவிட்டதாம். இரண்டு மணித்தியாலம் எதிர்பாராமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லித் தரட்டும். மீன் வைத்த மாலு பாண், பட்டிஸ், மூன்று தடவை பிளேன்டீ. வந்தவளின் சேலையில் முழங்கால் வரை சேறு. தாய் அன்பாகத்தான் பேசினார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை தங்கமான பிள்ளைங்க. ரோடுதான் நமக்குச் சரிப்படாது."

துன்ஹிந்த அருவி

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த மாப்பிள்ளையின் மாமா. ஒரு மைல் நடை. நான் போட்டிருந்ததோ கோயிலுக்குப் போடும் செருப்பு. பார்வை மேடையில் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினேன். முதல் நாள் மழையில் அருவி இரைந்துகொண்டிருந்தது. அவர் எதையோ கேட்டார், அவள் எதையோ சொன்னாள், இருவரும் தலையாட்டினார்கள். நனைந்து திரும்பும் வழியில் மாமா கச்சான் கடலை கொறித்தபடி முடிவு சொன்னார்.

"அருவி நல்லா இருந்திச்சுங்க. பொண்ணப் பத்திப் பொறகு சொல்றோம்."

தெமோதரை ஸ்டேஷன்

மூன்றாவது ஆள் தேத்தண்ணி குடிக்க இறங்குவது போல ரயிலிலிருந்து இறங்க வேண்டும். நாங்கள் யாரையோ வழியனுப்புவது போல நிற்க வேண்டும். நின்றோம். அவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார், இறங்கவில்லை. ரயில் போனபிறகு சிஸ்டர்மார் கற்றுத்தராத ஒரு வார்த்தையை நான் சொன்னேன். ரோஸ்லின் குடையை மடக்கினாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வர்றேன்க்கா. அதுக்கப்புறம் யாரு முன்னாடியும் நிக்க மாட்டேன்."

சைவக் கடை

அந்த ஒரு தடவைக்கு வந்தவர் வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏற்றும் மரக்கறி வியாபாரி. தாயும் வந்திருந்தார். என்ன வைத்தாலும் 'வேணாங்க' என்று சொல், பார்க்க வந்தவர்கள் முன்னால் வயிறு நிறையத் தின்றால் எடுபடாது என்று ரோஸ்லினுக்கு முன்பே சட்டம் போட்டிருந்தேன். அவளோ வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்தவள். முதல் தோசையை மன்னித்தேன். இரண்டாவதுக்கு மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். மூன்றாவதுக்கு அழுத்தி மிதித்தேன். அவள் குரலைக் குறைக்கவே இல்லை.

"அக்கா, காலை மிதிக்காதீங்க. பசிக்குது."

மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் இலையில் அதுவரை ஒரு வடை தொடாமல் கிடந்தது. அவர் அதை இரண்டே கடியில் முடித்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் நாலு தோசை சொல்லிவிட்டு ரோஸ்லின் பக்கம் திரும்பினார்.

"எனக்கும்தாங்க. பொண்ணு பாக்கப் போற எடத்துல சாப்பிடக் கூடாதுன்னு அம்மா வெறும் தேத்தண்ணியோட கூட்டியாந்துட்டாங்க."

அந்த வருடமே மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணமும் முடிந்தது; அதில் என் பங்கு என்னவென்றால், மிதித்த காலை எடுத்துக்கொண்டதுதான்.