இடது கைக்கு எட்டாத கட்டைகள்

எங்கள் பியானோ மிஸ் போட்டிக்கான பீஸ்களைப் பங்கிட்டுக் கொடுத்த சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. பாட்டு என்று சொல்லமாட்டோம், பீஸ் என்றுதான் சொல்வோம். போட்டி தனி வாசிப்பு. ஒருவர் மேடையேறி, தானே தேர்ந்தெடுத்த ஒரு பீஸை வாசிக்க வேண்டும். ‘தானே தேர்ந்தெடுத்த’ என்பது விதியில் உள்ள சொல். எங்கள் வகுப்பில் யாரும் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. மிஸ் கொடுப்பார், கை நீட்டி வாங்கிக்கொள்வோம். ஒரே மிஸ்ஸிடம் படிக்கும் இரண்டு பேருக்கு ஒரே பீஸ் கிடையாது என்பது எங்கும் எழுதி வைக்காத வழக்கம்.

எனக்கு ஒரு தாலாட்டு கிடைத்தது. மெதுவானது. பத்து வயதுப் பிள்ளை வாசிக்கலாம். எனக்கு வயது பத்தொன்பது.

“உனக்கு இது அழகா வரும்மா” என்றார் மிஸ்.

புத்தூரிலிருந்து வரும் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு ருஷ்யன் பீஸ் போனது. ஒரு ருஷ்யர் எழுதியது என்பதால் அதற்கு எங்களிடையே அந்தப் பெயர். இடது கை இடப்பக்கக் கீழ்க்கோடிக்குத் தாவிப் போய், அடித்துவிட்டு, மூச்சு விடுவதற்குள் திரும்பி வர வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறெதையும் வாசிக்கப் பிடிக்கவில்லை.

“மிஸ், நான் ருஷ்யன் பீஸ் வாசிக்கட்டுமா?”

“வீட்டுல என்ன வச்சிருக்கே? அறுபத்தோரு கட்டை கீபோர்ட். அதுல அந்தக் கீழ் நோட்டெல்லாம் இருக்கா? இல்லாததுக்கு ஏன் ஆசைப்படறே?”

குரலில் கோபமே இல்லை. பாவப்பட்டுச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னது உண்மையாகவும் இருந்துவிட்டது. முழுப் பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள். என் கீபோர்ட் தொடங்குவதற்கு முன்பே பியானோவில் ஒரு சாண் இருக்கிறது.

என் பெற்றோர் மருங்காபுரிப் பக்கம் மழை பொய்த்த பிறகு திருச்சிக்கு வந்தவர்கள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆயா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கவென்று போன முதல் ஆள் நான். அம்மா கூட்டிப் பெருக்கி முடிக்கும்வரை ஹாலில் காத்திருந்து, அங்கிருந்த பியானோவைத் தட்டித் தட்டித்தான் இதற்குள் வந்தேன். கிரேடு பரீட்சைகளில் அந்த டாக்டர் வீட்டுப் பெண்ணைவிட எப்போதும் கூடுதல் மார்க் வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போது கல்லூரிக்குப் போகிறேன். பியானோ வகுப்பு மட்டும் அதே பள்ளி ஹாலில், அதே மிஸ்ஸிடம்.

அன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா உட்கார்ந்து சாப்பிடும் மணைப்பலகையை எடுத்தேன். கீபோர்டின் இடப்பக்கம், அதே உயரத்துக்குப் பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி, மேலே பலகையை வைத்தேன். பள்ளி ஹாலில் எடுத்து வந்த அளவுப்படி சாக்பீஸால் கட்டைகளை வரைந்தேன். கறுப்புக் கட்டைகளுக்கு அறுந்துபோன செருப்பின் ரப்பரை வெட்டி ஒட்டினேன். அம்மா வேலையிலிருந்து வந்து பார்த்தாள்.

“ஏண்டி, சோறு திங்கிற பலகைல செருப்பா?”

“கழுவிட்டுத்தாம்மா ஒட்டினேன்.”

“நீ பியானோ கத்துக்கிறியா, செருப்புத் தைக்கிறியா?”

கீபோர்டுக்கு ஹெட்போன் உண்டு, பலகைக்கு இல்லை. கீழ் வீட்டு மாமி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

“ஏண்டிம்மா, மேல தினம் என்ன இடிக்கறேள்? எங்காத்துல விட்டத்துலேர்ந்து சுண்ணாம்பு உதிர்றது.”

“பியானோ மாமி.”

“பியானோவா? உலக்கைன்னா நெனச்சுண்டேன்.”

கை வலித்தாலும் விடவில்லை. வலது கை கீபோர்டில். இடது கை பாதி கீபோர்டில், பாதி பலகையில். ஹெட்போனுக்குள் ருஷ்யன் பீஸ் அடித்தளம் இல்லாத வீடு மாதிரி மேலே மட்டும் கேட்டது. கீழ்ச் சத்தத்தை மனதுக்குள் நானே போட்டுக்கொண்டேன். தப்பில்லாமல் வாசிக்கத் தொடங்கியதும், ஒருமுறை கேளுங்கள் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அடுத்த வகுப்பில் கேட்கிறேன் என்றார்.

டாக்டர் வீட்டுப் பெண்ணும் அன்று ஹாலில் இருந்தாள். உட்கார்ந்து தொடங்கினேன். முதல் தாவலில் இடது கை போய் விழுந்த இடத்தில் ஹாலே அதிர்ந்தது. அடுத்ததிலும் அதே. கீழ் நோட்டுகளின் இரைச்சலில் என் வலது கை வாசித்தது எனக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

“அக்கா, இடி விழுந்த மாதிரி இருந்துச்சு!” என்று அந்தப் பெண் சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. சத்தம் அப்படித்தான் இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது. பலகை சத்தம் போடாது. விரல் சரியான இடத்தில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள அதை ஓங்கி அடித்தே பழகியிருந்தேன். பலகையின் அடியைக் கொண்டுவந்து பியானோவில் போட்டுவிட்டேன். திருத்திவிடக்கூடிய தப்புதான். இடம் ஒன்றுகூடத் தவறவில்லை.

“மிஸ், இன்னொரு தடவை வாசிக்கிறேன். அழுத்தம்தான் கொஞ்சம் கூடிடுச்சு, கையைக் குறைச்சு…”

“பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன். எந்திரி, அவளுக்கு க்ளாஸ் நேரம்.”

இன்னொரு தடவை. அவ்வளவுதான் கேட்டேன். அந்தப் பெண் ஒரு வரியை எத்தனை தடவை தப்பாக வாசித்தாலும் ‘அகைன்’ என்று சொல்கிற வாய் அது.

வேலை முடித்து வந்த அம்மாவோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார இடமில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது.

“மிஸ்ஸு மனசு நோகுற மாதிரி எதுவும் பேசிடாத” என்றாள் அம்மா. “குடுத்தத வாசி.”

“எனக்கு யாரும் எதுவும் குடுக்க வேணாம்.”

“வாய மூடுடி. நாளைக்கும் நான் அங்கதான் போய்க் கூட்டணும்.”

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்மேல் இருந்த கோபத்தைவிட அம்மாமேல் வந்த கோபம் பெரிது. இவள் குனிந்து குனிந்து என்னையும் குனிய வைக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய், அவள் போட்ட தட்டைத் தள்ளி வைத்தேன்.

அடுத்த வகுப்பு நாளன்று மிஸ் வந்ததுமே சொல்லிவிட்டேன்.

“மிஸ், நான் ருஷ்யன் பீஸ்தான் வாசிக்கப் போறேன்.”

“அது அவளுக்குக் குடுத்தாச்சும்மா.”

“ரெண்டு பேரும் வாசிக்கலாம். விதியில தடை இல்ல.”

“புரியாமப் பேசாத. என் ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேர் ஒரே பீஸ் வாசிச்சா ஜட்ஜ் என்ன செய்வாரு? பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாரு. நீ அவளைவிட நல்லா வாசிச்சிட்டா அவங்க வீட்டுல என்னைத்தானே கேப்பாங்க?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஸ்டாண்டில் இருந்த தாள்களை எடுத்து ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார்.

நான் நன்றாக வாசித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். ஒரு கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அப்படியானால் இத்தனை நாளாக என் கீபோர்டை ஏன் இழுத்தார்? இல்லாததுக்கு ஏன் ஆசைப்படுகிறாய் என்று ஏன் கேட்டார்? என் வீட்டில் இல்லாத கட்டைகளுக்காக நான் வெட்கப்பட்டுக் கிடந்தேனே!

“அப்ப என் கீபோர்ட் பிரச்சனையே இல்ல, மிஸ்.”

“உன் நல்லதுக்குத்தான்…”

“உங்க பேரை நான் போடல. போட்டி ஃபார்ம்ல டீச்சர் யாருன்னு கேக்கற இடத்தை வெறுமன விட்டுடறேன். ஜட்ஜ் உங்களை எதுவும் நினைக்கமாட்டாரு.”

“அவ்வளவு திமிரா? எங்க போய் ப்ராக்டிஸ் பண்ணுவே? பலகையிலயா?”

பலகையைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை. அம்மாதான் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஹாலின் கடைசியில் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வந்தாள். மிஸ்ஸிடம் பேசும்போதெல்லாம் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

“மிஸ், சாயங்காலம் ஹாலைக் கூட்ட எனக்கு ரொம்ப நேரமாவுதுங்க. தனியா இருக்கப் பயமா இருக்கு. தெனமும் இவளக் கூட வச்சுக்கறேன். சும்மா ஒக்காந்திருக்காம அது பாட்டுக்கு வாசிச்சிட்டு இருக்கும்.”

என் அம்மா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

“அதெல்லாம் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கிட்டப் பெர்மிஷன் கேக்கணும்” என்றார் மிஸ்.

“நேத்தே கேட்டுட்டேங்க, மிஸ்.”

மிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். டாக்டர் வீட்டுக் கார் வந்துவிட்டதா என்று பார்ப்பது போல.

அன்று மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து போனிலேயே பெயரைப் பதிவு செய்தேன். பீஸின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். அம்மாவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

“இதைச் செய்யறவ பஸ்ல எதுக்கு என்னை அப்படித் திட்டினே?”

“ஊரே வேடிக்க பாத்துச்சுல்ல. பேசாம வாசிடி.”

அவள் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாசிப்புக்கு இவ்வளவு பொய்யும் இவ்வளவு விளக்குமாறும் தேவைப்படுகிறதே என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இடது கையைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோய் விரலை வைத்தேன். வந்த கோபத்துக்கு அந்தக் கட்டை உடையும்படி அடித்திருப்பேன். ஆனால் அந்த இடத்தில் மெதுவாக அடிக்க வேண்டும். அடித்தேன். சரியில்லை. மறுபடி அடித்தேன்.