அண்ணன் வெட்டிய செய்தியும் அதன் பின்பக்கமும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய மாணவர்களில் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றேன். "அவங்க நல்லதா மட்டும்தான் எழுதுவாங்க. நீயே எழுது" என்று மதினி சொல்லிவிட்டார்கள். எழுதுவது ஒரு தையல் கடைக்காரி. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர்கள் யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

அண்ணன் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த அண்ணன், பகலில் மாட்டுங்காவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் முடித்தார். பிறகு செம்பூரில் ஒரு சட்டக் கல்லூரியில் அரசியல் சட்டம் சொல்லிக் கொடுக்கப் போனார். கடைசி வரை அங்கேதான் வேலை பார்த்தார். வசதி வந்த பிறகு செம்பூருக்கே குடிபோயிருக்கலாம். போகவில்லை. எங்கள் சந்தில் இருந்த பத்தொன்பது வீடுகளில் ஒன்றில்தான் வாழ்ந்தார்.

புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், பேப்பரில் வந்ததை மறக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அதனால் விடிந்ததும் ஆங்கிலம், மராத்தி, தமிழ் என்று மூன்று பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிடுவார். எங்கோ ஒரு ஊரில் இன்டர்நெட்டை நிறுத்தியிருப்பார்கள், எங்கோ ஒருவரை வருடக்கணக்காக ஜாமீன் இல்லாமல் வைத்திருப்பார்கள். அதை வெட்டி எடுத்துப்போய் வகுப்பில் பலகையில் குத்தி, "இது எந்தப் பிரிவுல வருது, சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். வெட்டுவதற்கு என் கடைக் கத்திரிதான் வேண்டும்.

"துணி வெட்டுத கத்திரிண்ணே. பேப்பர வெட்டுனா முனை போயிரும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"ஏட்டி, நீ ஜாக்கெட்டு தைக்கே. நான் நாட்டத் தைக்கேன்" என்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

அவரிடம் ஒரு விதி இருந்தது. பலகையில் குத்திய செய்தியை அந்த வழக்கில் தீர்ப்பு வரும்வரை கழற்றக் கூடாது. மாணவர்கள் தினமும் அதைப் பார்க்க வேண்டும், கோர்ட்டில் மனிதர்கள் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும் என்பார்.

தாராவியை இடித்துக் கட்டுவதற்காகக் கணக்கெடுப்பு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காகிதங்களைக் கொடுத்துவிட்டு, மாற்று வீடு யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்ற பட்டியலுக்காகக் காத்திருந்தோம். பேர் விட்டுப் போனால் குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தில் அண்ணனைத் தவிர யாருக்கும் மராத்தி சரியாக வாசிக்க வராது. எதிர்வீட்டு பாக்கியம் அக்கா, "வாத்தியாரே, பேப்பர்ல நம்ம சந்து பேரு வந்தா ஒரு சத்தம் குடுங்க. நாங்க ஒங்களத்தான் நம்பி இருக்கோம்" என்றார்கள்.

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா. அறிவிப்பு இல்லாம ஒரு செங்கலக்கூட யாரும் தொட முடியாது" என்றார் அண்ணன்.

அந்த வாரம் வேறொரு மாநிலத்தில் அறிவிப்பே கொடுக்காமல் வீடுகளை இடித்ததைப் பற்றி மராத்திப் பேப்பரில் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அண்ணன் சந்தோஷமாக வெட்டினார். மீதிப் பேப்பரை வழக்கம்போல் செம்பூர் பஸ்ஸில் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்திருக்கும். எங்கள் வீடு அந்த ஓட்டை வழியாகத்தான் போயிற்று.

பல வாரம் அந்தச் செய்தி பலகையில் இருந்தது. ஒருநாள் தீர்ப்பு வந்தது, வீட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். மாணவர்கள் கை தட்ட, அண்ணன் செய்தியைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். முன் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி, "சர், இஸ்கே பீச்சே தாராவி கா நோட்டீஸ் ஹை" என்றாள். பின்னால் தாராவி நோட்டீஸ் இருக்கிறது என்று அந்தப் பெண் இந்தியில் சொன்னதும் திருப்பிப் பார்த்திருக்கிறார். எங்கள் சந்தின் பத்தொன்பது வீடும் பட்டியலில் இல்லை. ஆட்சேபத்துக்கான நாளும் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு சர் பாடம் நடத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று அந்தப் பெண்தான் பிறகு என்னிடம் சொன்னாள்.

சந்தில் வீடு வீடாகப் போய் அவரே சொன்னார். அறிவிப்பைச் சுவரிலும் ஒட்டியதாகக் கணக்கெடுப்பு ஆபீசில் சாதித்தார்கள். ஒட்டியதைக் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அண்ணன் எல்லோர் பேரிலும் மனு எழுதினார். விசாரணைக்குப் போகும்போது, "அந்தப் பேப்பர் வாங்குதீங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லிருங்கண்ணே" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"பொய் சொல்லிட்டு நாளைக்கி எந்த முகத்தோட கிளாஸுக்குப் போவேன்?" என்றார்.

அதிகாரி அதையேதான் கேட்டார். அண்ணன் வாங்குகிறேன் என்றார். வாசிக்கிறீர்களா என்றார். தினமும் வாசிக்கிறேன் என்றார். அறிவிப்பு உங்கள் கைக்கே வந்திருக்கிறதே என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட மலர்களில் 'பொய்யே பேசாதவர்' என்று எழுதுவது வழக்கம். அண்ணன் பேசவில்லை. அதற்காக நான் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. அது சரியா தவறா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அது பேப்பரில் நாலு வரிச் செய்தியாக வந்தது. அதையும் வெட்டிக்கொண்டுபோய்ப் பலகையில் குத்தியிருக்கிறார். எங்கள் பக்கம் மாணவர்களை வாதாட விட்டு, அரசாங்கத்தின் பக்கம் அவரே நின்றாராம். ஒருவர் விடாமல் எல்லோரையும் தோற்கடித்தாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்து, "நம்ம கேஸு நிக்காதுட்டி" என்றார். அதன்பிறகு என் கத்திரியை அவர் கேட்கவில்லை.

கோர்ட்டில் தடை கிடைக்காமல் சந்து இடிபட்ட அன்று வாசலில் நின்று எல்லா வீடும் விழுவதைப் பார்த்தார். மான்குர்டில் ஓர் அறையில் ஆறு மாதம் இருந்தார். மதினி எது சமைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முறைபோட்டு உட்கார்ந்த மாணவர்களுக்கும், தாணேயிலிருந்து வந்து காரியங்களை எடுத்துச் செய்த சித்தப்பா குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. பழைய சந்திலிருந்து வந்தவர் பாக்கியம் அக்கா ஒருவர்தான். "வாத்தியார் மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வராம இருக்க முடியல தாயி" என்றார்கள். அவர்களுக்கும் நன்றி. வராதவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

போன மாதம் உயர் நீதிமன்றமும் மனுவைத் தள்ளிவிட்டது. அந்த முன் பெஞ்சுப் பெண், விதிப்படி பலகையிலிருந்து அந்த நாலு வரியைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். முதலில் திருப்பித்தான் பார்த்தேன். ஏதோ கல்யாண மண்டப விளம்பரம்.

இந்த மலரின் அட்டையில் அண்ணன் படம் இருக்கிறது. உள்பக்கத்தில் என்ன போடட்டும் என்று அச்சகத்தார் கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். படத்தை வெட்டி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். பின்னால் வெறும் தாள்தான்.