கதவைச் சாத்தச் சொன்ன சரணம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஏத்த வாழைக்காய் சீவி சிப்ஸ் வறுத்து விற்கிற ஆள் நான். நாலு பேர் கூடின இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் ஒரு ஞானப்பாட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றிய உண்மை முழுதாகத் தெரிந்தவன் எங்கள் சபையில் நான் ஒருவன்தான் மிச்சம்.

பாட்டைக் கட்டினவர் என் அப்பாவின் தாத்தா. ஓலைக்கூரை ஆலயத்தில் ஆராதனை நடத்தின உபதேசியார். அன்றைக்கு சபையில் அநேகருக்கு எழுத்துத் தெரியாது. அவர் ஒரு வரியைப் பேச்சாகச் சொல்லுவார். ஜனங்கள் அதையே ராகத்தில் பாடுவார்கள். வரி சொல்லுதல் என்பார்கள். இன்றைக்கும் இந்த ஒரு பாட்டுக்கு எங்கள் ஆலயத்தில் யாரும் புத்தகம் திறப்பதில்லை. எங்கள் வீட்டு ஆண் ஒருவர் வரி சொல்ல, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். அப்பாவுக்குப் பிறகு அது என் தலையில் விழுந்தது. தூணைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவேன்.

மூன்றாம் சரணத்தின் கடைசி வரி இது: ‘கதவைச் சாத்துங்கோ, சாரல் அடிக்குது.’

பாட்டிலேயே ஜனங்களுக்கு உயிரான வரி அதுதான். மற்ற வரிகளில் வாயசைக்கிறவர்கள்கூட இதைக் கூரை அதிரப் பாடுவார்கள். கல்யாணத்தில் பாடுவோம். நடு வெயிலில் கல்லறைக்குப் போகும்போதும் சாரல் அடிக்குது என்று வியர்க்க வியர்க்கப் பாடுவோம். கதவு என்பது இருதயம், சாரல் என்பது சோதனை என்று ஒரு போதகர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அடுத்து வந்தவர் அது நோவாவின் பேழைக் கதவு என்றார். இரண்டுக்கும் அழுதார்கள்.

உண்மை வேறு. உபதேசியார் அன்று வரி சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆடிச் சாரல் உள்ளே அடித்திருக்கிறது. வாசல் பக்கம் இருந்தவர்களிடம் கதவைச் சாத்தச் சொன்னார். அதையும் பாடிவிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டை எழுதின பள்ளிக்கூட வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் உபதேசியார் அந்த வரியை விட்டுவிட்டுச் சொன்னபோது ஜனங்கள் விடவில்லை. அப்பா இதை என்னிடம் சொல்லி, வெளியே சொல்லாதே என்றார்.

புதிதாக வந்த போதகர் வெளிமாவட்டக்காரர். சபைக்குப் புதுப் பாட்டுப் புத்தகம் அச்சாகிற நேரம். “இந்த வரிக்கு அர்த்தம் என்னன்னு உங்க குடும்பத்துல யாராவது சொல்லணும். இல்லேன்னா எடுத்துடுவோம்” என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் மூன்றாம் சரணத்துக்கு வரி சொல்லிக் காட்டி, பிறகு மைக்கில் விளக்க வேண்டும்.

மூன்று நாள் சிப்ஸைக் கருகவிட்டேன். பேசாவிட்டால் வரி போய்விடும். உண்மையைப் பேசினாலும் போய்விடும். அழுதவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

“கடைக்கு வாறவங்ககிட்ட வாய் திறக்கீங்கல்லா?” என்றாள் மனைவி.

“உப்பு போதுமான்னு கேக்கேன். அதோட சரி.”

“அப்போ அதையே கேட்டுட்டு இறங்குங்க. சிப்ஸாவது விக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை ஏறி நின்றேன். முதல் வரி சொன்னேன், பாடினார்கள். இரண்டாவது சொன்னேன், பாடினார்கள். மூன்றாவதற்கு மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துப் பிடித்தேன். சுரீரென்று இழுத்தது.

“ஐயோ, மைக்கு ஷாக்கடிக்குது!” என்றேன்.

ஐயோ, மைக்கு ஷாக்கடிக்குது என்று இருநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு பாடினார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசிச் சொல்லை இழுத்து இறக்கவும் செய்தார்கள்.

“பாடாதீங்க, பிளக்கைப் பிடுங்குங்க!”

அதையும் பாடினார்கள். போதகர்தான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வரும்போது சிரிப்பில் அவரால் நேராக நடக்க முடியவில்லை. பீடத்துப் படியில் உட்கார்ந்து அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கதவும் இப்படித்தானா?” என்று மெதுவாகக் கேட்டார்.

தலையாட்டினேன்.

“அன்னைக்கு மழையா?”

“ஆடிச் சாரல்.”

அவர் எழுந்து சபையைப் பார்த்தார். “உபதேசியார் சொன்னதை நீங்க ஒரு எழுத்து விடாமப் பாடியிருக்கீங்க. இத்தனை கவனமா என் பிரசங்கத்தை ஒருத்தரும் கேட்டதில்லை. வரி இருக்கட்டும்” என்றார்.

முன்வரிசையில் இருந்த என் அத்தை மகள் கையைத் தூக்கினாள். “பாஸ்டரே, இப்பம் பாடினது நாலாம் சரணமா?”

“உக்காரும்மா” என்றார் போதகர்.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து எர்த் கம்பியை மாற்றிவிட்டுப் போனார்.