பிறக்காத வாகனம்

“ம்... சரி, விளங்குது,” என்று முஹைதீன் பதில் சொல்வார். காலையில் தமது வாடகை வாகனத்தை முடுக்கியதும் உள்ளிருந்து ஒரு ஜப்பானியப் பெண்குரல் அன்றைய திகதியை அறிவிக்கும். மொழி தெரியாவிட்டாலும், ஒருவர் பேசும்போது வாய் மூடியிருப்பது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. பிறகு திரையிலுள்ள எண்களைத் தமது கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பார். ஒத்திருந்தால்தான் பன்வில கடைத்தெருவிலிருந்து அன்றைய ஹயர் ஓட்டம் புறப்படும்.

திகதி விடயத்தில் அவர் எவரையும் நம்புவதில்லை. காலாவதியாக ஒரு கிழமை இருக்கும்போதே பிஸ்கட்டை ஆட்டுக்குப் போட்டுவிடுவார். “ஆடு மவுத்தானா பரவாயில்லையா?” என்பார் மனைவி கைரியா.

அண்மையில் ஒருநாள் எண்கள் ஒத்துவரவில்லை. திரை 2006ஆம் ஆண்டைக் காட்டியது. வாகனமோ 2014இல் செய்யப்பட்டது. முஹைதீன் அதை அணைத்துவிட்டு வீட்டு வாசற்படியில் அமர்ந்துவிட்டார்.

அன்றைய ஹயர் தோட்டத்துப் பெண் சுகிர்தாவுக்கு. கண்டியில் அவருக்கு ஆசிரியர் நேர்முகப் பரீட்சை. பஸ்ஸும் போய்விட்டது.

“என்ன நானா, ஸ்டார்ட் ஆகலையா?” என்று அண்ணன் முறைவைத்துக் கேட்டார் சுகிர்தா.

“ஸ்டார்ட் ஆகுது மகள். ஆனா, தான் இன்னும் பொறக்கவே இல்லன்னு செல்லுது. பொறக்காத சாமான்ல ஒங்கள ஏத்திக்கிட்டு அந்த வளைவெல்லாம் எப்பிடி எறங்குற? பிரேக்கும் கம்பியூட்டர்லதானே ஈக்குது!”

“ஐயோ நானா, இன்னைக்கி விட்டா இனி எப்ப கூப்புடுவாங்களோ!”

வத்தேகமவில் வாகன வயரிங் செய்யும் நிரஞ்சனுக்குத் தொலைபேசி போனது. அவர் சிரித்தார். “படம் காட்டுற பெட்டிதான் நானா கொழம்பியிருக்கு. எஞ்சினும் பிரேக்கும் திகதி பாக்காது. பயப்படாம ஓட்டுங்க.”

“அவருக்கென்ன, அவரு அங்க ஈக்கிறாரு,” என்றார் முஹைதீன்.

ஆனாலும் எழுந்தார். தனியாகச் சந்திவரை ஓட்டிப்போய், வழிநெடுகப் பிரேக்கை மிதித்துப் பார்த்துத் திரும்பினார். பிடிக்கத்தான் செய்தது. அப்போதும் பின்கதவைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

கைரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து முன் இருக்கையில் ஏறினார். “பிரேக்குக்கு எதுக்குக் கலண்டர்? நானும் வாறேன். விழுந்தா எல்லாரும் சேந்து விழுவோம். ஏறுங்க மகள்.”

சுகிர்தா ஏறிக்கொண்டார். “நீங்க சொன்ன பொறகுதான் எனக்குப் பயமா இருக்கு மாமி,” என்றார்.

மலைப்பாதையில் பிரேக் ஓரிடத்திலும் ஏமாற்றவில்லை. கண்டி நகரத்துக்குள் நுழைந்தபோது நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் போதிய நேரமிருந்தது. சுகிர்தா கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தார். நெரிசலில் வாகனங்கள் நடைவேகத்தில் ஊர்ந்தன. முன்னால் சென்ற முச்சக்கர வண்டி நின்றது. முஹைதீன் பிரேக்கை மிதித்தார். வாகனம் குலுங்காமல் நின்றது. அதற்குள் அவருடைய இடக்கை சுக்கானை விட்டு நீண்டு, இருக்கைப்பட்டி அணிந்திருந்த கைரியாவின் முன்னால் குறுக்கே நின்றிருந்தது.