அனுப்பியதற்குச் சாட்சி

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் ரசீதுல விழுது."

அஞ்சலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பாராமலே சொன்னார். பின்னால் நிற்பது மாடி வீட்டுக்காரன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, நிழல் நிழல்தானே. நான் நகர்ந்தேன். அவர் பார்சலைக் கவுன்ட்டரின் நடுவில் வைத்து, பக்கத்தில் ரசீதை விரித்து, முத்திரையின் தேதி தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். பிறகு முகவரி தெரிய ஒன்று. பிறகு எடைக் கருவியின் எண் தெரிய ஒன்று. கவுன்ட்டர் எழுத்தர் தன் கையை அந்தப் படத்திலிருந்து விலக்கிக்கொண்டார். பழகிய கை அது.

"இது பார்சல்தானேக்கா, கல்யாணப் பொண்ணு இல்லையே" என்று அந்த எழுத்தர் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"கல்யாணப் பொண்ணு காணாமப் போனா ஊரே தேடும். பார்சல் காணாமப் போனா என்னை மட்டும்தான் தேடுவாங்க."

அன்றிலிருந்து அஞ்சலகத்தில் அவருக்குப் பெயர் போட்டோ அக்கா.

அக்கா இணையத்தில் பீங்கான் விற்கிறார். புதுச் செட்டு அல்ல; செட்டு குலைந்து மிஞ்சியவை. ஒற்றைச் சாசர், துணையில்லாத கோப்பை, பாத்திரத்தைப் பறிகொடுத்த மூடி. வீடு காலி செய்கிறவர்களிடமும் பழைய சாமான் கடைகளிலும் வாங்கி வந்து, கழுவித் துடைத்து, முன்னறை அலமாரிகளில் நிறம் வாரியாக அடுக்கியிருக்கிறார். யார் வீட்டிலோ எதுவோ கைதவறி உடைந்தால், அதன் ஜோடியைத் தேடி இவருடைய கடைப் பக்கத்துக்கு வருவார்கள். அடுத்தவர் கைநடுக்கத்தில் ஓடுகிற குடும்பம் என்று அவருடைய கணவர் சொல்வார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வீட்டில் ஜாக்கிரதையாக நடக்கப் பழகிவிட்டவர்.

இந்தப் படம் பிடிக்கிற பழக்கம் பிறவியில் வந்ததல்ல. கடை தொடங்கிய புதிதில் ஒரு பச்சைக் கிண்ணத்தைச் சாதாரணத் தபாலில் அனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வாங்கியவர், கிண்ணம் வந்து சேரவேயில்லை என்று புகார் கொடுத்தார். அனுப்பியதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றது விற்பனைத் தளம். அக்காவிடம் இருந்தது சத்தியம் மட்டும்தான். அதைப் பதிவேற்ற அங்கே இடமில்லை. கிண்ணமும் போனது, காசும் போனது. "நான் அனுப்பினேன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்று இன்றைக்கும் கேட்பார்.

அதற்குப் பிறகு நம்பிக்கை என்ற சொல்லையே அவர் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். மகள் கல்லூரி விடுதியிலிருந்து சாப்பிட்டாயிற்று என்றால், தட்டைக் காட்டச் சொல்வார். கணவர் சலவைக்குத் துணி போட்டுவிட்டேன் என்றால் சீட்டு எங்கே என்பார். ஒரு மழை நாளில் நான் குடை கேட்டபோது தாராளமாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அப்படியே பிடிங்க, முகம் தெரியட்டும்" என்று என்னையும் குடையையும் சேர்த்து ஒரு படம். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். அவருக்கு என் மேல் சந்தேகம் இல்லையாம், ஞாபகத்துக்காம். மறுநாள் குடையைத் திருப்பிக் கொடுத்தபோது அதையும் ஒரு படம் எடுத்தார். அது என்னுடைய பாதுகாப்புக்காம்.

சென்ற மாதம் அவருடைய கடைக்கே ஆபத்து வந்தது. நீல விளிம்பு போட்ட ஒரு தேநீர்க் கெண்டி மூடியை வாங்கிய பெரியவர் ஒருவர், பொருள் வந்து சேரவில்லை என்று புகார் எழுதிவிட்டார். ஏற்கெனவே உடைந்து போய்ச் சேர்ந்த சாசருக்காக ஒரு புகார் நிலுவையில் இருந்தது. இதிலும் தோற்றால் கடைப் பக்கத்தை மூடிவிடுவோம் என்று தளத்திலிருந்து எச்சரிக்கை. அன்றே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பபுள் ராப் சுற்றிய படம், ரசீது, எடை, தபால்காரர் பார்சலைக் கொடுத்தபோது கருவியில் வாங்கிய கையெழுத்து என்று ஒவ்வொன்றாக அனுப்பினார். கையெழுத்து நீளமாக, கடைசியில் ஒரு சுழியோடு இருந்தது. மறுநாளே தீர்ப்பு வந்தது: விற்றவர் மேல் குற்றமில்லை. அக்கா படியேறி வந்து என் கதவைத் தட்டி அதைப் படித்துக் காட்டினார். இரண்டு முறை.

அன்று மாலை, என் வீட்டில் உடைந்த ஒரு சாசரை ஒட்டப் பசை கேட்டு நான் கீழே போயிருந்தபோது அந்தப் பெரியவரே தொலைபேசியில் அழைத்தார். அக்காவின் விரல்களெல்லாம் டேப். என்னை ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

பெரியவர் சண்டை போட வரவில்லை. ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவராம். தளத்தில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாராம். அது தன்னுடையது இல்லை என்றார்.

"அப்ப யாரோடது சார்?"

"என் தம்பியோடது. பக்கத்து வீடு."

நடுச்சுவரை யார் பக்கம் தள்ளிக் கட்டுவது என்பதில் பிரிந்தவர்கள். அதோடு பேச்சு நின்றுபோனது. இவர் வீட்டில் இல்லாத வேளையில் பார்சல் வந்திருக்கிறது. தம்பி வாங்கி வைத்திருக்கிறார். அவர் கொண்டுவந்தும் கொடுக்கவில்லை, அது அங்கே இருப்பது இவருக்குத் தெரியவும் இல்லை. இப்போது தெரிந்தும், அந்த வாசலில் போய் நிற்க முடியாது, பொருள் போனால் போகட்டும் என்றார். புகார் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தாராம்.

கடை பிழைத்துவிட்டது, மன்னிப்பும் வந்துவிட்டது. கணவர் அடுக்களை வாசலில் நின்று, முடித்துக்கொள் என்று கையால் சைகை காட்டினார். அக்கா அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மூடி யாருக்கு என்று கேட்டார்.

மனைவிக்கு. கண் சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் ஆசையாக வைத்திருந்த கெண்டியின் மூடியை இவர் கழுவும்போது போட்டு உடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறார். புதுக்கண்ணோடு வருகிறவள் முதலில் இதைத்தான் பார்ப்பாள் என்றார் பெரியவர். சிரிக்க முயன்றது போலிருந்தது.

"இதே அளவுல இன்னொரு மூடி என்கிட்ட இல்ல சார்" என்றார் அக்கா. "எனக்குத் தெரிஞ்சு அது இப்ப இருக்கிற ஒரே இடம் உங்க தம்பி வீடுதான்."

கையிலிருந்த டேப்பை ஒட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

"அவருக்கு உங்க மேல கோபம்னா, அந்த வீட்டுல ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பியிருக்கலாம். கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிருக்காரு. அதையும் கொஞ்சம் பாருங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. வியாபாரம் பண்ணுகிறாயா பஞ்சாயத்துப் பண்ணுகிறாயா என்று கணவர் கேட்டார். அக்கா முகம் சிவக்க, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டேப்பைக் கிழித்தார். பிறகு வந்த நாட்களில் தொலைபேசி மணி அடித்த போதெல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தார்.

ஞாயிறு காலையில் பெரியவர் அழைத்தார். முந்தின நாள் தம்பி வீட்டு வெளிக்கதவு வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடி போயிருக்கிறார். தம்பிதான் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாராம். "பார்சல் கேக்க இத்தனை நாளா?" என்றாராம், அவ்வளவுதான். பிரிக்காத பார்சலை எடுத்துவந்து கொடுத்தவர், மூடி பொருந்துகிறதா என்று பார்க்கக் கூடவே நடந்து வந்துவிட்டார். பொருந்தியது. பொருந்திய பிறகு அதில் தேநீர் போடாமல் எப்படி அனுப்புவது?

சாட்சிக்கு ஒரு படமும் அனுப்பியிருந்தார். மேசையில் நீல விளிம்புக் கெண்டி, தலையில் மூடியோடு. அதன் பக்கத்தில் இரண்டு பேருக்குத் தேநீர்: ஒன்று நீல விளிம்புக் கோப்பையில், மற்றது பல் தேய்த்துவிட்டுக் கொப்பளிக்க வைத்திருப்பது போன்ற ஒரு பிளாஸ்டிக் டம்ளரில்.

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், அலமாரியின் நீல வரிசையில் பின்பக்கம் கையை விட்டு, நீல விளிம்புக் கோப்பை ஒன்றை எடுத்தார். முந்தானையால் அதன் உள்ளே ஒருமுறை துடைத்தார். அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பபுள் ராப்பை இழுத்துச் சுற்றத் தொடங்கினார்.