விட்டுப்போன பின்னக் கணக்கு

அமெரிக்காவில், நாங்கள் இருக்கும் இர்விங்கில் பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். பெற்றோருக்கு மட்டும் உள்ளே அனுமதியில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வருஷம் முழுக்க என் போனிலேயே பாடம் கேட்ட என் மகன் கவின், மேஜையைச் சுற்றி நிறுத்திய பிளாஸ்டிக் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கதவு திறந்தபோது பினாயில் நெடி வந்தது.

ஈரோட்டில் எனக்கு அம்மை இறங்கி, பள்ளிக்குத் திரும்பிய நாளிலும் இதே நெடி. கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். மேலெல்லாம் வேப்பிலை வாசம். அதற்குள் பின்னக் கணக்கை நடத்தி முடித்திருந்தார்கள்.

"விட்டதை யார்கிட்டயாவது வாங்கி எழுதிக்க கண்ணு" என்றார் அப்பா. அம்மை ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் நோட்டுத் தரவில்லை.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"புரிஞ்சுதுங்க டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. நானும் தலையாட்டினேன். இன்றுவரை எனக்குப் பின்னக் கணக்கு வராது.

காலையில் கவினிடம், "புரியலைன்னா மிஸ்கிட்ட கேளுடா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். "ஐ'ம் ஃபைன், மா" என்றான்.

இப்போது அவனுடைய டீச்சர் குனிந்து ஏதோ கேட்டார். கவின் வேகமாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்கும் அதே மாதிரி தலையாட்டினான்.